லாயத்துக் கேள்விகள்

குதிரைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தார். ஏழெட்டுக் கடிதம் வந்தால் பெரிது என்று நினைத்தேன். ஒரு பை நிறைய வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாகக் குதிரைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிறேன், இத்தனை கேள்விகளை ஒன்றாகப் பார்த்ததில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர்களைக் குதிரைகளின் மானம் கருதி விட்டுவிட்டேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு என் குதிரை தரையில் விழுந்து புரண்டது. வயிற்றுவலி என்று தெரிந்தது. கைவசம் இருந்த வலி ஊசியை நானே போட்டேன், எழுந்து நின்றுவிட்டது. காலையில் வந்த டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். வலியைக் குறைத்தது ஒரு குற்றமா?

குற்றமில்லை. ஆனால் அந்த டாக்டர் ஏன் திட்டினார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன், கொஞ்சம் மெதுவான குரலில்.

குதிரையின் வயிற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதன் வாய்ப்பகுதித் தசை அவ்வளவு இறுக்கம், உணவுக்குழாய் வந்து சேரும் கோணமும் அப்படி. அதனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால்தான் போக வேண்டும், திரும்பி வர வழியில்லை. அதற்கப்புறம் இருபது மீட்டருக்கும் நீளமான சிறுகுடல், பெரிய பீப்பாய் மாதிரி ஒரு குருட்டுக்குடல், பிறகு நான்காக மடித்து வைத்த பெருங்குடல். அந்தப் பெருங்குடலைப் பெரும்பகுதி எதனோடும் கட்டி வைக்கவில்லை. மடிப்பில் ஓரிடத்தில் சட்டென்று குறுகும், காய்ந்த தீனி அங்கேதான் அடைக்கும். கட்டு இல்லாததால் காற்றடைத்து மிதக்கும், இடம் மாறும், சமயத்தில் முறுக்கிக்கொள்ளும். இதை வடிவமைத்தவரை நான் சந்தித்தால் கேட்க ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன்.

நாங்கள் ‘கோலிக்’ என்று சொல்வது ஒரு நோயின் பெயர் அல்ல. அது வலியின் பெயர். காற்றடைத்தாலும் கோலிக், அடைப்பு ஏற்பட்டாலும் கோலிக், மண் தின்று குடலில் படிந்தாலும் கோலிக், குடல் முறுக்கினாலும் கோலிக். பெரும்பாலானவை மருந்திலேயே சரியாகிவிடும். சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். எது எந்த வகை என்று பிரிக்க எனக்குக் கிடைக்கும் முதல் தடயமே அந்த வலிதான். எவ்வளவு வலிக்கிறது, விட்டுவிட்டு வருகிறதா, நிற்காமல் வருகிறதா என்பதை வைத்தே பாதி முடிவு எடுக்கிறோம். நீங்கள் ஊசி போட்டதும் அந்தத் தடயம் அழிந்துவிடுகிறது. உள்ளே குடல் கறுத்துக்கொண்டிருக்கும், வெளியே குதிரை சமர்த்தாக நிற்கும்.

அதற்காக ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் போன் செய்யுங்கள். டாக்டர் போடச் சொன்னால் போடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஊசி போட்டும் கொஞ்ச நேரத்தில் வலி திரும்பி வந்தால், அதுவே பெரிய செய்தி.

இன்னொன்று. எங்கே போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கழுத்துச் சிரையில் போடுகிறேன் என்று போய், பக்கத்திலேயே ஆழத்தில் ஓடும் தமனியில் ஊசி இறங்கிவிட்டால், மருந்து நேராக மூளைக்குப் போகும். குதிரை வலிப்பு வந்ததுபோல அந்த இடத்திலேயே சாயும், கீழே நீங்கள் இருப்பீர்கள். சரி, தசையில் போட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஃப்ளூனிக்ஸின் போன்ற வலி மருந்தைத் தசையில் போட்ட இடத்தில் சில குதிரைகளுக்குச் சதை அழுகி, உயிரே போயிருக்கிறது. அதே மருந்து வாய்வழிப் பசையாகவும் வருகிறது. டாக்டரிடம் கேட்டு அதை வாங்கி வையுங்கள்.

நான் வந்ததும் என்ன செய்வேன் என்று தெரிந்துகொண்டால் நீங்கள் செய்ய வேண்டியதும் புரியும். முதல் இரண்டு நிமிடம் லாயத்துக்கு வெளியே சும்மா நிற்பேன். சொந்தக்காரருக்கு எரிச்சலாக இருக்கும். தொடுவதற்கு முன்னால் மூச்சை எண்ணுகிறேன், தரையில் புரண்ட தடம், லத்தி எல்லாவற்றையும் பார்க்கிறேன். அப்புறம் இதயத்துடிப்பு. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டி அங்கேயே நின்றால் கவலை. பிறகு ஈறு: விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். இரண்டு பக்க வயிற்றிலும் மேலும் கீழும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பேன். நல்ல குடல் சத்தம் போடும், அமைதிதான் பயமுறுத்தும்.

அடுத்து மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய். இது பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு நாம்தான் வாந்தி எடுத்துவிட வேண்டும். ஒருமுறை குழாய் உள்ளே போன மறுகணம் பச்சையாகப் பீய்ச்சி அடித்து ஒரு வாளி நிறைந்து, இரண்டாவது வாளி கேட்டேன். குதிரை பெருமூச்சு விட்டது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அந்த இரைப்பை கிழிந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தீனியை எடுத்துவிடுங்கள். துடிப்பை எண்ணுங்கள், கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கயிறு மாதிரி ஒரு நாடி உருளும். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்று பாருங்கள். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போனால் வயிற்றுவலி தீர்ந்து நிமோனியா மிஞ்சும். கொஞ்சம் நடத்தலாம். விடிய விடிய நடத்திக் குதிரையும் நீங்களும் சேர்ந்து விழ வேண்டாம்.

எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும், எப்போது பொறுத்திருந்து பார்க்கலாம்? ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வீர்களா?

பல வருடங்களுக்கு முன் வயதான ஒரு லாயக்காரர் விடிகாலையில் போன் செய்தார். “குதிரை தாழ்ப்பாளை நக்கலம்மா” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தீனி வருகிறது என்று தெரிந்தால் அந்தக் குதிரை தினமும் கதவுத் தாழ்ப்பாளை நக்குமாம், இன்றைக்கு நக்கவில்லையாம். தின்கிறதா என்றேன். தின்கிறது. லத்தி? போட்டது. காய்ச்சல்? இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போனேன். போய்த் துடிப்பை எண்ணினால் 64. அன்று மத்தியானம் அது அறுவை சிகிச்சை மேஜைமேல் கிடந்தது, சிறுகுடலில் ஒரு துண்டு வாடிப்போயிருந்தது. பிழைத்துக்கொண்டது.

குதிரை வேட்டையாடப்படும் பிராணி. கூட்டத்தில் யார் நொண்டி என்று காட்டிக்கொண்டால் முதலில் போவது அதுதான். அதனால் வலியை வெளியே காட்டாது. எனக்குத் தெரிவதற்கு முன் தினமும் அதன் முகத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும். உங்கள் குதிரை நன்றாக இருக்கும் ஒரு நாளில் அதன் துடிப்பு, மூச்சு, வெப்பம் மூன்றையும் எண்ணி எழுதி வையுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஆனால் புத்தகக் கணக்கைவிட உங்கள் குதிரையின் கணக்கு எனக்கு உபயோகம். வெப்பமானியை ஆசனவாயில் வைக்கும்போது ஒரு நூலைக் கட்டி வாலில் கவ்வி மாட்டுங்கள். உள்ளே போன ஒன்றைத் தேடி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டால் கோபம் வரும். வண்டியில் திரும்பும்போது நிம்மதியாகவும் இருக்கும்.

குதிரை நின்றுகொண்டேதான் தூங்குமாமே, அது எப்படி விழாமல் இருக்கிறது? (ஏழாம் வகுப்பு மாணவி)

பின்கால் முழங்கால் சில்லை ஒரு கொக்கியில் மாட்டுவது போல எலும்பின் மேட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால் தசைக்கு அதிக வேலை இல்லாமல் நிற்க முடியும், மெல்லிய தூக்கமும் தூங்கும். ஆனால் நம்மைப் போலக் கனவு காண்கிற ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்துத்தான் ஆக வேண்டும், ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் போதும். மூட்டு வலியாலோ பயத்தாலோ படுக்கவே படுக்காத குதிரை, சில வாரம் கழித்து நின்றபடியே கண் சொருகி முன்னால் மடங்கி விழும். முன்கால் மூட்டுகளின் முன்பக்கம் புரியாத சிராய்ப்புகளைப் பார்த்தால், ராத்திரியில் படுக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். நீ நல்ல கேள்வி கேட்டாய்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, என் குதிரை அச்சு அசல் அதேதான். தலையை உதறுகிறது, ஒரு பக்கமாகத் திரும்ப மறுக்கிறது. எப்படி அடக்குவது?

அந்தப் பழமொழியைச் சொன்னவர் குதிரையின் வாய்க்குள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

குதிரையின் கடைவாய்ப் பல் வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்வதால் சரிக்குச் சரியாகிறது. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால், மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி நிற்கும். மேலே கன்னத்தைக் கிழிக்கும், கீழே நாக்கை. கடிவாளமும் கன்னப் பட்டையும் அந்தக் கன்னத்தைப் பல்லோடு சேர்த்து அழுத்தும்போது யாராக இருந்தாலும் தலையை உதறத்தான் செய்வார்கள். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் பட்டாணி அளவில் ஓநாய்ப்பல் என்று ஒன்று முளைத்து, கடிவாளக் கம்பி அதில் போய் இடிக்கும்.

தீனித் தொட்டிக்குக் கீழே பாருங்கள். பாதி மென்று சுருட்டித் துப்பிய புல் கவளங்கள் கிடக்கிறதா? லத்தியில் முழுத் தானியம் வருகிறதா? வாயிலோ மூக்கின் ஒரு துளையிலோ நாற்றம் வருகிறதா? வலியில்லாத மயக்க ஊசி போட்டு, வாய்திறப்பான் மாட்டி, தலைவிளக்கோடு உள்ளே கைவிட்டு அரத்தால் அந்த ஓரங்களை ராவிவிடுவோம். அந்த ஓரத்தில் நரம்பு இல்லை, வலிக்காது. ஆனால் அளவுக்கு மீறி ராவினால் வலிக்கும், பல்லும் செத்துப்போகும். அதனால் சந்தைக்கு அரத்தோடு வருகிறவரிடம் வாயைக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், வயதானதற்கும் இளசுக்கும் இரண்டு தடவை.

பல்லெல்லாம் சரியாக இருந்து அப்புறமும் உதறினால், முதுகையும் சேணத்தையும் பார்ப்போம். அடக்குவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

என் குதிரை சோம்பேறியாகிவிட்டது. கொழுத்திருக்கிறது. நடக்கச் சொன்னால் மறுக்கிறது, முன்கால்களை முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் போட்டுக்கொண்டு நிற்கிறது. உடற்பயிற்சி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஆசிரியரைக் கூப்பிட்டு, எழுதியவருக்குப் போன் செய்யச் சொன்னேன். ஓட்டக் கூடாது. ஒரு அடி கூட.

இது சோம்பல் இல்லை, லாமினைட்டிஸ். குளம்பு என்பது நம் நகம் மாதிரி ஒரு கூடு. அதற்குள் கால் எலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. தொங்குகிறது என்றுதான் சொல்ல வேண்டும், அடியில் முட்டுக் கொடுத்து நிற்கவில்லை. எலும்பின் மேலுள்ள மெல்லிய இதழ்களும் குளம்புச் சுவரின் உள்ளே இருக்கும் இதழ்களும், இரண்டு கைவிரல்களைக் கோத்துக்கொண்டது போல ஒன்றுக்குள் ஒன்று பிணைந்து அந்த எடை முழுவதையும் தாங்குகின்றன. அந்தப் பிணைப்பு வீங்கித் தளர்ந்தால், பின்னாலிருந்து இழுக்கும் தசைநாண் எலும்பைச் சுழற்றிவிடும். முற்றினால் எலும்பின் நுனி உள்ளங்குளம்பைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க மாட்டேன்.

குதிரை எடையைப் பின்னால் தள்ளி நிற்பது முன்குளம்பின் நுனியைக் காப்பாற்றத்தான். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும் விரல் வையுங்கள். நல்ல காலில் நாடி கிடைப்பதே கஷ்டம். இந்த நோயில் அது விரலைத் தட்டும்.

கொழுத்த குதிரைக்கும், பிடரி மேடு தடித்துக் கெட்டியானதற்கும் இன்சுலின் கோளாறால் இது வரும். தானிய அறையை உடைத்து வயிறு முட்டத் தின்றாலும் வரும். குட்டி ஈன்று நஞ்சுக்கொடி உள்ளே தங்கினாலும் வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால், முதல் இரண்டு மூன்று நாள் கால்களை இடைவிடாமல் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது நிஜமாகவே பலன் தருகிறது, குறிப்பாகத் தானியம் தின்று வந்ததற்கு. தானியத்தை நிறுத்திவிட்டு, கீழே மெத்தென்று ஆழமாகப் பரப்புங்கள். எக்ஸ்ரே எடுத்து எலும்பு எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் லாடம் அடிப்பவர் வர வேண்டும். படத்தை நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். என் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்டதும் அதிகம் கற்றுக்கொண்டதும் லாடக்காரர்களிடம்தான்.

போன் செய்தவரிடம் பிறகு விசாரித்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டாராம், எலும்பு கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறதாம்.

கால் உடைந்தால் குதிரையைக் கொன்றுவிடுகிறார்களே, மனிதனுக்கு மாதிரி மாவுக்கட்டுப் போட்டால் என்ன?

போடுகிறோம், எல்லா உடைவுக்கும் இல்லை. சின்ன விரிசலுக்குத் திருகாணி போட்டு மறுபடி ஓடிய குதிரைகள் நிறைய உண்டு. சிக்கல் மூன்று இடத்தில். முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது, தோலும் நாணும் எலும்பும்தான். உடைந்தால் எலும்பு எளிதில் தோலைக் கிழிக்கும், ரத்த ஓட்டமும் குறைவு. அடுத்து, மயக்கம் தெளிந்து எழும்போது அரை டன் உடம்பு தட்டுத்தடுமாறி எழும். அப்போதுதான் வைத்த தகடு வளையும், வேறு கால் முறியும். உடல்நலத்தோடு இருக்கும் குதிரைகளிலேயே முழு மயக்கத்தில் கிட்டத்தட்ட நூற்றில் ஒன்று இறக்கிறது. மனிதர்களிடம் இப்படி ஒரு கணக்கை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது, மேலே சொன்ன அதே லாமினைட்டிஸ். உடைந்த காலைக் காப்பாற்ற எதிர்க்கால் மாதக்கணக்கில் இரட்டை எடை சுமந்தால், அந்தக் குளம்பின் பிணைப்பு விட்டுப்போகும்.

பார்பரோ என்ற குதிரையின் கதை இதற்குச் சாட்சி. 2006-ல் அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்று, இரண்டு வாரம் கழித்து ப்ரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்கால் பல துண்டாக நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் அறுவை சிகிச்சை செய்தார். மயக்கம் தெளியும்போது கால் தரையில் உதைக்காமலிருக்க, குதிரையை ஒரு ரப்பர்ப் படகில் வைத்துக் குளத்தில் மிதக்கவிட்டார்கள். உடைந்த எலும்பு சேர்ந்தும் வந்தது. ஆனால் இடது பின்குளம்பில் லாமினைட்டிஸ் வந்தது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்தார்கள். பணமும் திறமையும் உலகத்தின் அன்பும் ஒன்றாகக் கிடைத்த குதிரைக்கே அப்படி.

நான் அந்த ஊசியைப் போட வேண்டி வந்த நாட்களில், முதலில் சொந்தக்காரரைத் தலைப்பக்கம் நிற்கச் சொல்வேன். விரும்பாதவரை வெளியே போகச் சொல்வேன். யாரும் இல்லையென்றால் நான் பேசிக்கொண்டே போடுவேன். என்ன பேசுவேன் என்று கேட்காதீர்கள்.

பெண்ணாக இருந்துகொண்டு குதிரையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? உடல் பலம் வேண்டாமா?

இந்தக் கேள்வி பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. என் எடை 52 கிலோ, குதிரை 500 கிலோ. பயில்வானாக இருந்திருந்தால் 90 கிலோ இருப்பேன், குதிரை அப்போதும் 500 கிலோதான்.

பலத்தால் குதிரையைப் பிடித்தவர் யாரும் இல்லை. எங்கே நிற்பது என்பதுதான் விஷயம். அதன் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். பின்கால் பக்கம் வேலை என்றால் ஒன்று ஒட்டி நிற்க வேண்டும், இல்லை முற்றிலும் விலகி நிற்க வேண்டும். நடுவில் நிற்பவருக்குத்தான் முழு உதை கிடைக்கும். மற்றதற்கு மயக்க மருந்து இருக்கிறது. தலை தொங்கி, உதடு தொங்கி நிற்கும் குதிரையும் உதைக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்தேன், இரண்டு விலா எலும்பு. படுத்திருந்த ஆறு வாரமும் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

குடலைப் பரிசோதிக்க ஆசனவாய் வழியாகக் கையைத் தோள்வரை விட வேண்டியிருக்கும். அங்கே மெலிந்த கைக்குத்தான் மதிப்பு. குடல்சுவர் கிழிந்தால் குதிரை பிழைக்காது.

கண்ணில் நீர் வடிகிறது, பாதி மூடியே வைத்திருக்கிறது. வீட்டில் பழைய கண்மருந்து இருக்கிறது, விடலாமா?

விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால், கருவிழி மெழுகு மாதிரி உருகிப்போகும். நாங்கள் ஒரு சாயச் சொட்டு விட்டுப் பார்ப்போம், புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். மூடிய கண் அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்கிற விஷயமே இல்லை.

இரண்டு மணிக்கொரு தரம் மருந்துவிட எந்தக் குதிரையும் கண்ணைக் காட்டாது. அதனால் மேல் இமை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, பிடரிமயிரோடு பின்னித் தோள்வரை கொண்டுவந்துவிடுவோம். நீங்கள் தோள்பக்கம் நின்று மருந்தை ஏற்றலாம். குதிரைக்கு யார் செய்தது என்றே தெரியாது.

கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் மிச்சம் இருக்கிறது. குதிரைக்குக் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. அவற்றில் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் நல்லது. குதிரைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே உயிரைக் குடிக்கும். இதயத் தசையைத் தாக்கும், மாற்று மருந்து கிடையாது. பிழைத்த குதிரையும் பிறகொரு நாள் ஓடும்போது சரிந்து விழலாம், மேலே ஆள் இருக்கும்போது. அந்த மூட்டையைக் குதிரை எட்டாத வேறு கட்டடத்தில் வையுங்கள். அள்ளும் முறத்தைக்கூடப் பொதுவாக வைக்காதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கிறேன். அப்படியும் மெலிகிறது. மருந்தை மாற்றவா?

இரண்டு மாதக் கணக்கு 1960-களில் வந்தது. அன்றைக்குப் பெரிய ரத்தப்புழுதான் எமன், அதற்கு அது சரியான யோசனை. இன்று நம் முன் இருப்பது சின்னப் புழுக்கள். ஓயாமல் மருந்து கொடுத்துக் கொடுத்து, மருந்துக்கு அசையாத புழுக்களை நாமே வளர்த்துவிட்டோம். மருந்து கொடுக்கும் முன் புதிய லத்தியைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உப்புக் கரைசலில் முட்டைகள் மிதக்கும், எண்ணலாம். ஒரு கூட்டத்தில் சில குதிரைகள்தான் பெரும்பாலான முட்டைகளைப் போடும், அவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணினால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். குட்டிகளுக்குக் கணக்கு வேறு, டாக்டரிடம் கேளுங்கள். மேய்ச்சலில் லத்தியை வாரத்துக்கு இரண்டு முறை அள்ளுவது எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை. சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, குனிய வேண்டுமே.

மெலிவதற்குப் புழு மட்டும் காரணமில்லை. பல்லைப் பார்த்தீர்களா?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். குதிரை டாக்டர் ஆக வேண்டும். என்ன படிக்க வேண்டும்?

முதலில் எல்லாப் பிராணிகளுக்குமான கால்நடை மருத்துவப் பட்டம், ஐந்து வருடத்துக்குக் குறையாது. குதிரை அதில் ஒரு பகுதிதான். அதற்கப்புறம் ஒரு குதிரை மருத்துவமனையில் ஒன்றிரண்டு வருடம் ராத்திரி முழுக்க முழித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரில் நிறுவிய க்ளோட் பூர்ஜலா, அதற்குமுன் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். நம் தொழில் லாயத்திலிருந்துதான் கல்லூரிக்குப் போனது.

அதனால் நீயும் அந்த வழியிலேயே போ. பரீட்சை முடிந்ததும் ஏதாவது ஒரு லாயத்தில் அனுமதி கேட்டு ஒரு மாதம் வேலை செய். ஊசியை யாரும் உன் கையில் தரமாட்டார்கள். லத்தி அள்ளு, தண்ணீர் வாளியைக் கழுவு, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள். குளம்பில் அழுகல் வந்தால் என்ன நாற்றம் அடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. ஒரே ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்து, அதன் துடிப்பைக் காலையும் மாலையும் எண்ணி நோட்டில் எழுது. மாதம் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு.

கெட்டியான காலணி போட்டுக்கொண்டு போ. நான் செருப்போடு போய்த்தான் முதல் நாளே இடது கட்டைவிரல் நகத்தை இழந்தேன்.